செக் வால்வின் இனம்: சென்னையின் மேற்குப் புறநகரும் சுங்க அட்டவணையும்

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆவடிக்கு வடக்கே அமைந்த வெள்ளானூருக்குக் கிழக்கில் புழல் ஏரியும், தெற்கில் ஆவடியின் படைத்தளவாடத் தொழிற்சாலைகளும், தென்கிழக்கில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. நீளும் வெளிவட்டச் சாலை இவ்வட்டாரத்தைக் கடந்து செல்வதால், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் இறங்கும் சரக்கு சென்னை நகருக்குள் நுழையாமலே மேற்குப் புறநகரின் பட்டறைகளை அடைகிறது. பம்பும் கொதிகலனும் அழுத்தக்காற்று இயந்திரமும் உள்ள எந்தத் தொழிலகத்திலும் தவிர்க்க இயலாத செக் வால்வு, முக்கால் நூற்றாண்டுக் காலமாக இப்பகுதிக்குக் கடல்வழியே வந்த சரக்குகளுள் ஒன்று. அச்சிறு கருவியை அரசின் தீர்வை அட்டவணை எந்த இனத்தில் வைத்தது, எந்தெந்தச் சான்றுகளைக் கேட்டது, அக்கேள்விகள் காலந்தோறும் ஏன் மாறின என்பவை இந்தியத் தொழில்வரலாற்றில் உரிய கவனம் பெறாதவை. தொழிற்பேட்டைகளின் வரலாறு பெரும்பாலும் திறப்பு விழாக்களையும் முதலீட்டுத் தொகைகளையும் கொண்டே எழுதப்படுகிறது. அங்கே நுழைந்த ஒவ்வொரு உதிரிப்பாகத்துக்கும் ஒரு வகைப்பாட்டு எண்ணும் அதையொட்டிய ஒரு வழக்காடலும் இருந்ததை அவ்வரலாறு சொல்வதில்லை.

செக் வால்வு என்பது குழாயில் ஓடும் நீரையோ நீராவியையோ எண்ணெயையோ காற்றையோ ஒரே திசையில் மட்டும் செல்லவிட்டு, திரும்பி வர முயலும்போது தானாகவே மூடிக்கொள்ளும் அடைப்பான். திருகவோ திறக்கவோ ஆள் வேண்டியதில்லை; ஓட்டத்தின் அழுத்தமே அதைத் திறக்கிறது, அவ்வழுத்தம் நின்றதும் தன் எடையாலோ சுருள்வில்லாலோ பின்னழுத்தத்தாலோ மூடுகிறது. பட்டறைகளில் இதை என்.ஆர்.வி. என்பர், குடிநீர் வாரியப் பொறியாளர்களிடையே ரிஃப்ளக்ஸ் வால்வு என்ற பெயரும் உண்டு, இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5312 அப்பெயரையே ஆள்கிறது. கீலில் தொங்கும் கதவு போன்றது, மேலும் கீழும் எழுந்து அமரும் தட்டு கொண்டது, உருண்டை கொண்டது, இரு அரைத்தட்டுகள் விரிந்து மடங்குவது எனப் பல உருவங்களில் இது வார்க்கப்படுகிறது. கொல்லன் துருத்தியில் காற்றை உள்ளே இழுத்துவிட்டு வெளியேறாமல் மூடிக்கொள்ளும் தோல்மடிப்பு செய்வதும் இதே வேலைதான் என்பதால், இக்கருவியின் அறிவு தமிழ்நாட்டுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. வார்ப்பிரும்பிலும் வெண்கலத்திலும் அளவு குறித்துச் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்த பண்டம் மட்டுமே புதியது. ஏற்றத்துக்கும் கவலை இறைப்புக்கும் மாற்றாக எண்ணெய் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்தபோது, கிணற்றுக்குள் இறங்கிய உறிஞ்சுகுழாயின் அடியில் சல்லடையோடு பொருத்தப்பட்ட ஃபுட் வால்வே தமிழக உழவர் முதலில் அறிந்த தொழிற்சாலைச் செக் வால்வு எனலாம். குழாயில் நின்ற நீர் கிணற்றுக்குத் திரும்பாமல் அது காப்பதால்தான், மறுநாள் மோட்டாரை ஓட்டும்போது புதிதாக நீரூற்றி நிரப்ப வேண்டாத நிலை ஏற்பட்டது.

பெரிய அளவில் இக்கருவி தேவைப்பட்டது நகரக் குடிநீருக்கு. 1872இல் புழல் ஏரியின் நீர் வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, நிலத்தின் சரிவே நீரை நகர்த்தப் போதுமாயிருந்தது. ஜே. டபிள்யூ. மேட்லி என்னும் பொறியாளரின் திட்டப்படி 1914இல் கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் அமைந்து, மணல்வடிகட்டிகளில் தூய்மை செய்த நீரை மேனிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டிவந்தபோது, பம்பின் வெளிவாயிலில் ஒருவழித் தடை இன்றியமையாததாயிற்று. பம்பு திடீரென நின்றால் மேலேறிய நீர்த்தூண் முழுவதும் கீழ்நோக்கித் திரும்பும். அது பம்பைத் தலைகீழாகச் சுழற்றும். மோதும் வேகத்தில் குழாயின் இணைப்புகளைப் பிளக்கும். நீரேற்று நிலையங்களின் வால்வுகளுக்கு இந்தியா அக்காலத்தில் பெரிதும் பிரிட்டனையே எதிர்பார்த்திருந்தது.

அவ்வாறு வந்திறங்கிய வால்வுக்கு எவ்வளவு தீர்வை என்பது, அதை இயந்திரம் என்று கொள்வதா இரும்புச் சாமான் என்று கொள்வதா என்பதைப் பொறுத்திருந்தது. லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதலால் 1882இல் பொது இறக்குமதித் தீர்வைகள் நீக்கப்பட்டு, ரூபாய் மதிப்பின் சரிவால் கருவூலம் வற்றியதும் 1894ஆம் ஆண்டின் இந்தியத் தீர்வைச் சட்டத்தால் 5 விழுக்காட்டுப் பொதுத் தீர்வை திரும்ப வந்தது; அப்போதும் இயந்திரங்கள் தீர்வையின்றி விடப்பட்டன. முதல் உலகப்போரின் செலவை ஈடுகட்டப் பொது வீதம் படிப்படியாக உயர்ந்து 1921இல் 11 விழுக்காடாகவும் 1922இல் 15 விழுக்காடாகவும் ஆனது. இயந்திரங்களுக்கு மிகக் குறைந்த வீதமே இருந்தது. வீதங்கள் இரண்டும் அருகருகே இருந்த காலத்தில் யாரும் பொருட்படுத்தாத இனப்பிரிவு, அவற்றுக்கிடையே இடைவெளி விரிந்ததும் வழக்குக்குரிய பொருளாயிற்று.

1934ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டம் இப்பிரிவினையை எழுத்தில் வடித்தது. இயந்திரங்கள் 72ஆம் இனத்திலும், இயந்திரங்களின் உறுப்புகள் 72(3) என்னும் உட்பிரிவிலும் அடங்கின. ஆனால் எந்த உறுப்பும் அவ்விடத்துக்குத் தானாக உரிமை பெறவில்லை. இயந்திரம் இயங்குவதற்கு அது இன்றியமையாததாக இருக்க வேண்டும். அந்நோக்கத்துக்கென்றே அதற்குத் தனி வடிவமோ தனித் தன்மையோ தரப்பட்டிருக்க வேண்டும். வேறு பயனுக்கு அவ்வடிவம் தேவையில்லாததாகவும் இருக்க வேண்டும். இச்சோதனையில் தவறிய பொருள், இரும்பால் ஆனதென்றால் வேறிடத்தில் குறிப்பிடப்படாத இரும்பு உருக்குப் பண்டங்களுக்குரிய 63(28)ஆம் இனத்துக்கோ, எதிலும் சேராத எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் 87ஆம் இனத்துக்கோ செல்லும். செக் வால்வைப் பொறுத்தவரை இது கடினமான சோதனை. ஒரு குறிப்பிட்ட காற்றழுத்தியின் தலைப்பகுதிக்கென்றே செதுக்கப்பட்ட வால்வு எளிதில் தேறிவிடும். இரு பக்கமும் ஃபிளாஞ்ச் என்னும் வட்ட விளிம்பு கொண்டு, பம்பிலோ கொதிகலனிலோ சாயத்தொட்டியிலோ எங்கும் பூட்டத்தக்க நான்கு அங்குல வால்வு அப்படித் தேற இயலாது. ஒரே வார்ப்பகத்தில் ஒரே முறையில் செய்யப்பட்ட இரு வால்வுகள், போய்ச் சேரவிருக்கும் இடத்தைக் கொண்டு இருவேறு தீர்வைகளுக்கு உட்பட்டன. பொருளின் இயல்பைக் கேளாமல் அதன் எசமானனைக் கேட்டது அந்த அட்டவணை. உள்நாட்டில் இயந்திரம் அமைப்போருக்கு மட்டும் சலுகை சென்று சேர வேண்டும் என்ற அக்கறையிலிருந்து பிறந்ததால் அதைக் குறுகிய புத்தி என்று ஒதுக்குவதும் நியாயமாகாது.

விடுதலைக்குப் பின் இந்தச் சோதனைக்கு உட்பட வேண்டிய பொருள்கள் மேற்குப் புறநகரில் பெருகின. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் பிரிட்டானிய நிறுவனத்தின் கூட்டோடு 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆலை கண்டது. காங்கிரஸ் பேரவை 1955 சனவரியில் சமதர்மப் பாங்கான சமுதாயத்தை இலக்காக ஏற்றது ஆவடியில்தான். 1959இல் டன்லப் டயர் ஆலை அம்பத்தூருக்கு வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்தது. ஆர். வெங்கட்ராமன் சென்னை மாநிலத் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1964இல், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. பூவிருந்தவல்லிச் சாலையில் மணப்பாக்கத்தில் லார்சன் அண்ட் டூப்ரோவும் பிரிட்டனின் ஆட்லி எஞ்சினியரிங் நிறுவனமும் சேர்ந்து 1961இல் தொடங்கிய ஆட்கோ இந்தியா, தொழிற்சாலை வால்வுகளையே செய்யும் ஆலையாக வளர்ந்தது; திருச்சிராப்பள்ளியில் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்போடு 1960களின் நடுவில் எழுந்த பெல் ஆலை, மின்நிலையக் கொதிகலன்களோடு அவற்றுக்கான உயரழுத்த வால்வுகளையும் வார்க்கத் தொடங்கியது. வால்வை வாங்குவோரும் வால்வைச் செய்வோரும் ஒரே மாநிலத்தில், ஏன், ஒரே புறநகர்ச் சாலையிலேயே இருக்கும் நிலை இவ்வாறு உண்டானது. இறக்குமதி விதிகளின் போக்கு இந்நிலையைச் சார்ந்தே இனி அமைந்தது.

அவ்விதிகளின் வேர் போர்க்காலத்தில் இருக்கிறது. கப்பலிடத்தையும் அன்னியச் செலாவணியையும் சிக்கனப்படுத்த 1940இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு, 1947ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதியால் செலாவணி இருப்பு கரைந்து, டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அதன் பின்னர் தீர்வை எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னால், இப்பொருள் வரலாமா என்ற கேள்வி வந்து நின்றது. ஆண்டுதோறும் அரசு வெளியிட்ட, சிவப்புப் புத்தகம் என்று வணிகர் அழைத்த இறக்குமதிக் கொள்கை நூலில் அப்பொருள் எந்தப் பட்டியலில் உள்ளது என்று பார்க்க வேண்டும். தன் ஆலையிலேயே பயன்படுத்தும் உண்மைப் பயனாளர் என்ற தகுதியில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய ஆலையானால் தொழில்நுட்ப மேம்பாட்டுத் தலைமை இயக்ககமும், சிறுதொழிலானால் மாநிலத் தொழில்துறை இயக்குநரும் அப்பொருள் இன்றியமையாதது என்று சான்றளிக்க வேண்டும். அதே பொருள் இந்தியாவில் கிடைக்கவில்லை என்ற உறுதிப்பாட்டையும் பெற வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் உரிமத்தில் பொருளின் வருணனையும் ரூபாய் மதிப்பின் உச்சவரம்பும் எழுதப்பட்டிருக்கும்.

செக் வால்வுக்கு இந்தக் கடைசி உறுதிப்பாடே பெரும் தடை. சாதாரண வார்ப்பிரும்பு வால்வும் வெண்கல வால்வும் கோயம்புத்தூர் வார்ப்பகங்களிலேயே கிடைத்தமையால் அவற்றுக்கு உரிமம் கேட்பதில் பொருளில்லை. உயர்வெப்ப நீராவிக்கோ அரிக்கும் வேதிப்பொருளுக்கோ உரிய கலப்புருக்கு வால்வு மட்டுமே கேட்கத்தக்கது. ஆகவே விண்ணப்பதாரர் தம் வால்வு ஏனையவற்றிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது என்பதை அழுத்தம், வெப்பநிலை, உலோகக் கலவை, துளையளவு என விரித்தெழுத வேண்டியிருந்தது. உரிமத்துக்காக எவ்வளவு தனித்தன்மை காட்டப்பட்டதோ, அவ்வளவு கூர்மையாகத் துறைமுகத்தில் சரக்கு அவ்வருணனையோடு ஒப்பிடப்பட்டது. 1878ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டத்துக்கு மாற்றாக 1963 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி, உரிமத்தோடு பொருந்தாத சரக்கு பறிமுதலுக்குரியது, மீட்பு அபராதம் செலுத்தியே அதை வெளியே எடுக்க முடியும். போதாக்குறைக்கு, உரிமத்துக்கான வகைப்பாடும் தீர்வைக்கான வகைப்பாடும் தனித்தனியே தீர்மானிக்கப்பட்டன. ஒரே வால்வு ஓர் அலுவலகத்தின் கோப்பில் இயந்திர உறுப்பாகவும் மற்றோர் அலுவலகத்தின் கோப்பில் இரும்புப் பண்டமாகவும் விளங்குவதைத் தடுக்க விதியேதும் இல்லை. சிறுதொழில் முனைவோர் ஒருவருக்குக் கிண்டியிலிருந்த சிறுதொழில் சேவை நிறுவனத்தின் தொழில்நுட்ப அறிவுரையும், கடற்கரைச் சாலைச் சுங்க மாளிகையின் படிக்கட்டுகளை நன்கறிந்த கிளியரிங் ஏஜெண்டும் எந்திரங்களுக்கு இணையான மூலதனம் ஆனது இந்தச் சூழலில்தான். உள்நாட்டு வால்வுத் தொழில் வேர்பிடிக்க இந்தக் கட்டுப்பாட்டு மதில் உதவியது என்பதை மறுக்க முடியாது; அதன் செலவில் பெரும்பங்கைக் காத்திருப்பாகவும் நின்றுபோன எந்திரங்களாகவும் சுமந்தவர்கள் சிறிய பட்டறைக்காரர்கள் என்பதும் அதே அளவு உண்மை. மணலியில் 1960களில் எழுந்த சென்னை சுத்திகரிப்பு ஆலை போன்ற பெருந்திட்டங்களுக்கு இத்தொல்லை குறைவு. ஒரு திட்டத்துக்கு வேண்டிய எல்லா இயந்திரங்களையும் உறுப்புகளையும் ஒரே இனமாகக் கொண்டு ஒரே வீதத்தில் தீர்வை விதிக்கும் திட்ட இறக்குமதி என்னும் ஏற்பாடு 1965 முதலே இருந்தது. அதன்வழி வந்த வால்வு எதன் உறுப்பு என்று யாரும் கேட்பதில்லை.

பொருளின் பயனைக் கொண்டு இனத்தைத் தீர்மானிக்கும் வழக்கத்துக்கு எதிரான வலுவான குரல், வால்வைப் பற்றியதல்லாத ஒரு வழக்கில் எழுந்தது. டயர் உள்ளிழைகளை ரப்பரோடு பிணைக்கப் பயன்படும் வி.பி. லேடக்ஸ் என்னும் செயற்கைப் பாலைக் கச்சா ரப்பர் என்ற இனத்தில் வைப்பதா, எஞ்சியவற்றுக்கான இனத்தில் வைப்பதா என்பது குறித்து டன்லப் இந்தியாவும் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியும் உச்சநீதிமன்றம் வரை சென்றன. 1975 அக்டோபரில் வந்த தீர்ப்பு இரண்டு கருத்துகளை நிலைநாட்டியது: அட்டவணை தானே பயனைக் குறிப்பிட்டாலன்றி, பொருள் இறுதியில் எதற்குப் பயன்படுகிறது என்பது அதன் இனத்தைத் தீர்மானிக்காது, பெயர் குறித்த ஓர் இனத்தில் சேர நியாயமான உரிமையுள்ள பொருளை எஞ்சியவை என்னும் குவியலுக்குத் தள்ளக்கூடாது. அம்பத்தூரில் ஆலை வைத்திருந்த ஒரு நிறுவனம் வாதியாக நின்ற இவ்வழக்கு, வகைப்பாடு குறித்த இந்தியத் தீர்ப்புகளில் இன்றளவும் எடுத்தாளப்படுகிறது.

அத்தீர்ப்பு வந்த ஆண்டிலேயே சட்டமும் அத்திசையில் திரும்பியது. 1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டம் 1976 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, பிரஸ்ஸல்ஸ் நகரில் இயங்கிய சுங்க ஒத்துழைப்பு மன்றம் உருவாக்கிய பெயரமைப்பை அடியொற்றியது. அவ்வமைப்பில் குழாய், கொதிகலன் கூடு, தொட்டி ஆகியவற்றுக்கான குழாய்த்திறப்பிகளும் வால்வுகளும் 84.61 என்ற தலைப்பில் தமக்கென ஓர் இடம் பெற்றன. இம்மன்றமே 1983இல் ஒத்திசைவு முறைமை என்னும் உலகப் பொது அட்டவணைக்கான ஒப்பந்தத்தை முடித்தது. உலக அளவில் அது 1988 சனவரியில் நடைமுறைக்கு வருமுன்னரே, 1986 பிப்ரவரி 28 முதல் இந்தியா அதைத் தன் சுங்க அட்டவணையாக ஏற்றுக்கொண்டது. வால்வுகளின் தலைப்பு 8481 ஆனது. அதனுள் அழுத்தம் குறைக்கும் வால்வுகளுக்கு 8481.10, எண்ணெய் அல்லது காற்றழுத்த ஆற்றல் கடத்தலுக்கான வால்வுகளுக்கு 8481.20, செக் வால்வுகளுக்கு 8481.30, பாதுகாப்பு வால்வுகளுக்கு 8481.40, பிறவற்றுக்கு 8481.80, உறுப்புகளுக்கு 8481.90 எனத் துணைத்தலைப்புகள் அமைந்தன. எட்டு இலக்க எண்முறை 2003இல் இந்தியாவில் வந்தபின் செக் வால்வின் முழு எண் 8481 30 00 ஆயிற்று.

இந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள விதிகளை ஊன்றி நோக்கினால், 1934ஆம் ஆண்டின் கேள்வி தலைகீழாகிவிட்டது விளங்கும். இயந்திரங்களுக்குரிய பதினாறாம் பிரிவின் இரண்டாம் குறிப்பு, ஓர் உறுப்பு தானே ஒரு தலைப்பில் பெயர் பெற்றிருந்தால், எந்த இயந்திரத்துக்காக வந்தாலும் தன் தலைப்பிலேயே வைக்கப்பட வேண்டும் என்கிறது. ஆகவே பம்புக்கென்றே செய்யப்பட்ட செக் வால்வு, தனியாக வரும்போது, பம்பின் உறுப்புகளுக்குரிய 8413க்குப் போகாது. காற்றழுத்திக்கென்று வந்தாலும் 8414க்குப் போகாது. வார்ப்பிரும்பு, உருக்கு, பித்தளை, பிளாஸ்டிக் என எதனால் ஆனதாயினும் அது 8481இல்தான் இருக்கும். பீங்கானால் ஆனவையும் கெட்டிப்படுத்தாத ரப்பரால் ஆனவையும் போன்ற சிலவே வெளியே நிற்கின்றன. எவருடைய உறுப்பு என்ற விசாரணை ஒழிந்து, என்ன செய்கிறது என்ற விசாரணை வந்தது. ஆயினும் பழைய கேள்வி முழுதும் மறையவில்லை. அழுத்திய எண்ணெயாலோ காற்றாலோ ஆற்றலைக் கடத்தும் அமைப்பில் பயன்படும் வால்வு, செக் வகையாகவே இருந்தாலும், 8481.20இல்தான் வைக்கப்பட வேண்டும் என்றும், அத்துணைத்தலைப்பு மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது என்றும் எண்பத்து நான்காம் அத்தியாயத்தின் குறிப்பு ஒன்று கூறுகிறது. ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கான செக் வால்வையும் தண்ணீர்க் குழாய்க்கான செக் வால்வையும் இந்தக் குறிப்பு பிரித்துவிடுவதால், அவற்றுக்கிடையே பயன் மறுபடியும் நடுவராகிறது.

வேறு சில எல்லைகளும் கவனிக்கத்தக்கவை. மிதிவண்டிச் சக்கரத்தின் டியூபிலுள்ள வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாதது, அதாவது செயலளவில் அப்பட்டமான ஒருவழி வால்வு. ஆனால் இந்திய அட்டவணை அதற்கு 8481 80 41 என்று தனி எண் தந்து வேறிடத்தில் வைத்திருக்கிறது. சைக்கிள் தொழில் இந்நாட்டில் பெற்றிருந்த இடத்துக்கு அவ்வரி ஒரு சான்று. கொதிகலனின் நீராவி வாயிலில் பொருத்தப்படும் ஸ்டாப்-செக் வால்வு, தானே மூடவும் செய்யும், கைச்சக்கரத்தால் அடைக்கவும்படும்; இரு வேலைகளில் எது முதன்மை என்பதை வரைபடத்தையும் விவரப்பட்டியலையும் கொண்டே நிறுவ வேண்டியிருக்கிறது. உட்தட்டு பொருத்தப்படாமல் வரும் வால்வு உடல் வெறும் உறுப்பா, முற்றுப்பெறாத வால்வா என்பதும் அத்தகையதே: முழுப்பொருளின் இன்றியமையாத தன்மையைப் பெற்றுவிட்ட முற்றுப்பெறாப் பொருளை முழுப்பொருளாகவே கொள்ள வேண்டும் என்பது வகைப்பாட்டின் இரண்டாம் பொதுவிதி, அத்தன்மையை எட்டாத வார்ப்புடல் 8481.90க்குச் செல்லும்.

தீர்வை அட்டவணை கேளாத ஒன்றைக் கொதிகலன் சட்டம் கேட்கிறது. 1863இல் கல்கத்தாவில் நிகழ்ந்த கொதிகலன் வெடிப்பை அடுத்து 1864இல் வங்காளத்தில் பிறந்த ஆய்வுச் சட்டம், மாகாணந்தோறும் வெவ்வேறாகப் பரவி, 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டத்தில் ஒன்றுபட்டது. 1950ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் வால்வு உட்பட ஒவ்வொரு பொருத்துறுப்பின் உலோகத்துக்கும் சோதனை அழுத்தத்துக்கும் அளவு விதித்தன. 1923ஆம் ஆண்டின் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. கொதிகலனுக்குள் செல்லும் நீர் திரும்பி வராமல் தடுக்கும் ஃபீட் செக் வால்வு, வெளிநாட்டில் செய்யப்பட்டதாயினும், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு அமைப்பு ஒன்றின் மேற்பார்வையில் சோதிக்கப்பட்டு, மூன்று-சி என்னும் படிவத்தில் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது அவ்வொழுங்குமுறைகளின் ஏற்பாடு. ஐ.பி.ஆர். சான்று என்று பட்டறைகள் அழைக்கும் இத்தாள் இல்லாத வால்வு, தீர்வை முழுவதும் செலுத்தி வெளியே வந்துவிட்டாலும், நீராவிக் குழாயில் பூட்டப்பட முடியாமல் கிடங்கிலேயே கிடக்கும். நீருக்கான வால்வையும் நீராவிக்கான வால்வையும் 8481 30 00 என்ற ஒரே எண் தழுவி நிற்பதால், அவ்வெண்ணைப் பார்த்து இக்கடமையை அறிய வழியில்லை. மனித உயிரைக் காக்கும் விதி எண்ணுக்கு வெளியே இருப்பதை இறக்குமதி செய்வோர் மறந்துவிடக் கூடாது.

உரிமக் காலம் 1991இல் முடிவுக்கு வரத் தொடங்கியது. அவ்வாண்டு மன்மோகன் சிங்கின் நிதிநிலை அறிக்கை தீர்வையின் உச்சவீதத்தை 150 விழுக்காடாகக் குறைத்தது. 1992ஆம் ஆண்டின் அயல்வணிகச் சட்டம் 1947ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கியது. ராஜா செல்லையா தலைமையிலான வரிச்சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி வீதங்கள் ஆண்டுக்காண்டு இறங்கி, வேளாண்மை சாராப் பொருள்களுக்கு 2007இல் உச்சவீதம் 10 விழுக்காடாயிற்று. வால்வுக்கு உரிமம் வேண்டியதில்லை; இறக்குமதியாளர் எண் ஒன்று போதும். செக் வால்வுக்கான அடிப்படைத் தீர்வையை 7.5 விழுக்காடு எனக் கொண்டால், 1,00,000 ரூபாய் மதிப்புள்ள சரக்குக்கு அது 7,500 ரூபாய்; அதன்மேல் பத்தில் ஒரு பங்கான சமூகநலக் கூடுதல் வரி 750 ரூபாய்; சரக்கு மதிப்போடு இவ்விரண்டும் சேர்ந்த 1,08,250 ரூபாயின்மேல் 18 விழுக்காட்டு ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி 19,485 ரூபாய்; ஆகமொத்தம் 27,735 ரூபாய். இவற்றுள் சரக்கு சேவை வரியைத் தொழிலகம் தன் விற்பனை மீதான வரியில் கழித்துக்கொள்ளலாம் ஆதலால், உண்மையான சுமை 8,250 ரூபாயே.

வீதங்கள் இவ்வாறு தாழ்ந்து ஒன்றையொன்று நெருங்கியபின் வகைப்பாட்டுத் தகராறு மறைந்திருக்க வேண்டும். ஆனால் அது இடம் மாறியது. 2011இல் தீர்வையைத் தாமே கணித்துக்கொள்ளும் முறை வந்து, எண்ணைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சுங்க அலுவலரிடமிருந்து இறக்குமதியாளருக்கு மாறியது; பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதி அறிக்கையில் தவறான எண்ணை எழுதினால் விளைவு அவரைச் சேரும். 2020 சூன் 8 அன்று, ஆவணத்தைப் பரிசீலிக்கும் அலுவலர் யார், எந்த ஊரினர் என்று வெளித்தெரியாத முகமற்ற மதிப்பீட்டு முறையை அரசு முதன்முதலாகத் தொடங்கியது சென்னையிலும் பெங்களூரிலும். எடுத்துக்கொண்டவை முதன்மையாக 84, 85ஆம் அத்தியாயங்களின் பொருள்கள். எனவே நாட்டிலேயே இம்முறைக்கு முதலில் உட்பட்ட சரக்குகளின் அத்தியாயத்தில் செக் வால்வும் அடங்கியிருந்தது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய வால்வின் தாள்களைப் பெங்களூரிலுள்ள அலுவலர் படிக்கும் நிலை ஏற்பட்டபின், நேரில் சென்று பொருளைக் காட்டி விளக்கும் பழைய வழி அடைபட்டது. வரைபடம், உலோகச் சோதனைச் சான்று, எந்த ஊடகத்துக்கு, எந்த அழுத்தத்துக்கு என்ற விவரம் ஆகியவற்றை முதலிலேயே இணைத்து அனுப்புவதே சரக்கு தேங்காமல் இருக்க வழியாயிற்று. ஐயம் உள்ளவர் சரக்கு வருமுன்னரே முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகி எண்ணை உறுதி செய்துகொள்ளலாம்.

இன்று அந்த எண் அதிகம் வேலை செய்வது பொருளின் பிறப்பிடத்தைத் தீர்மானிப்பதில். கொரியாவோடும் ஆசியான் நாடுகளோடும் 2010இலும், சப்பானோடு 2011இலும் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தங்கள், அந்நாடுகளில் உண்மையாகவே உருவான பொருள்களுக்குத் தீர்வைச் சலுகை தருகின்றன. வேற்று நாட்டுப் பொருளைக் கொண்டு செய்யப்பட்டிருந்தால், அங்கே 35 விழுக்காடு மதிப்புச் சேர்ந்திருக்க வேண்டும், ஆறு இலக்கத் துணைத்தலைப்பும் மாறியிருக்க வேண்டும் என்பது அவற்றின் பொதுவிதி. மூன்றாம் நாட்டில் வார்த்த உடலையும் தட்டையும் 8481.90 என்ற எண்ணில் தருவித்து, கடைந்து பொருத்திச் சோதித்து, 8481.30 என்ற எண்ணில் அனுப்பும் கொரிய ஆலை துணைத்தலைப்பை மாற்றிவிட்டது. மதிப்பளவும் எட்டியிருந்தால் வால்வு கொரியப் பொருள். வந்த வார்ப்புடலே இன்றியமையாத தன்மையைப் பெற்றிருந்து முற்றுப்பெறா வால்வாகக் கருதப்படுமானால், எண் மாறவில்லை, சலுகையும் இல்லை. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள பிறப்பிட விதிகளின்படி, வெளிநாட்டு அரசு தந்த சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. செய்முறை எது, எந்தப் பகுதி எங்கிருந்து வந்தது, மதிப்பு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்னும் விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருந்து, கேட்கும்போது முதலாம் படிவத்தில் தர வேண்டும். வெள்ளானூரிலோ அம்பத்தூரிலோ நான்கு கடைசல் எந்திரங்களோடு தொழில் நடத்துபவர் சலுகை வீதத்தில் ஒரு பெட்டி செக் வால்வுகளைத் தருவித்தால், இறக்குமதி அறிக்கை தாக்கலான நாளிலிருந்து ஐந்தாண்டு வரை அவ்விவரங்களைத் தம் கோப்பில் பாதுகாக்கக் கடமைப்பட்டவர்.